பதினெட்டு நாள் சீசனும் நாலு மாத சீசனும்



சீசன் என்றால் என்ன என்று கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலக்காட்டில் காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி வழியாகப் போய் வருகிறோம். காய் முடிந்தால் கூலியும் முடிந்தது. வேலை எத்தனை மாதம் ஓடும் என்று பார்த்துத்தான் குழுவில் உள்கடனே கேட்கிறோம். இந்த மாதப் பாடமும் ஒரு சீசனைப் பற்றியதுதான்: பெண்கள் கால்பந்து லீக் சீசன்.

இது எதற்கு நமக்கு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மகள் நன்றாகப் பந்து ஆடுகிறாள், பி.டி. டீச்சர் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறார், என்ன செய்வது என்று நம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். "பொம்பளப் புள்ள பந்து உதைச்சா சோறு கிடைக்குமாக்கா?" என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இந்தியப் பெண்கள் லீக் என்ற தேசிய அளவிலான போட்டியை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நடத்துகிறது. முதல் போட்டி 2017-ல் டெல்லியில் நடந்தது. மணிப்பூர் அணி ஒன்று ஜெயித்தது. மூன்றாவது போட்டி 2019 மே மாதம் பஞ்சாபில் உள்ள லூதியானாவில். அந்த ஆண்டு கோப்பையை வாங்கியது நம் பக்கத்து அணி. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ரோட்டில் போனால் வரும் காரியாபட்டியில் உள்ள சேது கல்லூரிக்காரர்கள் 2016-ல் தொடங்கிய அணி அது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை ஜெயிப்பது லேசுப்பட்ட காரியம் கிடையாது. அங்கே வீட்டுக்கு வீடு ஆடுவார்கள் என்றே சொல்லலாம். சேது அணிக்குப் பயிற்சி கொடுத்ததும் ஒரு பெண்தான், கேரளத்தைச் சேர்ந்த அமிர்தா அரவிந்த்.

அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள். இந்திய அணிக்கும் ஆடியவர்கள். சந்தியா வீட்டுக் கஷ்டத்தால் அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் காக்கிச் சட்டையோடு ரோட்டில் நின்று பணி பார்த்தவர். சோறு கிடைக்குமா என்ற கேள்விக்கு இது ஒரு பதில். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஊர்ப் போட்டியில் ஜெயித்த சான்றிதழ் அதற்குப் போதாது. தேசிய, சர்வதேச அளவில் ஆடிய சான்று வேண்டும்.

இப்போது லீக் கணக்கைப் பார்ப்போம். குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது சுலபம். ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி, சமனில் முடிந்தால் 1, தோற்றால் ஒன்றும் இல்லை. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் கோல் வித்தியாசம் பார்ப்பது வழக்கம். அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழிக்க வேண்டும். வரவில் செலவு போக மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மீதிக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2022-ல் தெரிந்தது. அந்த ஆண்டு புவனேஸ்வரில் 12 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடு ஒரு தடவை மோத வேண்டும். மொத்தம் 66 ஆட்டம். சேது அணி முதல் பத்து ஆட்டத்தையும் ஜெயித்து 30 புள்ளி வைத்திருந்தது. கேரளத்தின் கோகுலம் அணியும் அதேபோல பத்தும் ஜெயித்து 30 புள்ளி. மே 26-ம் தேதி கடைசி ஆட்டத்தில் இரண்டும் நேருக்கு நேர். கோல் வித்தியாசம் கோகுலத்துக்குக் கூடுதலாக இருந்ததால் அவர்களுக்குச் சமன் செய்தாலே கோப்பை. சேது கட்டாயம் ஜெயித்தாக வேண்டும். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே சேது ஒரு கோல் போட்டது. அப்புறம் கோகுலம் மூன்று கோல் திருப்பிப் போட்டு 3-1 என்று ஜெயித்துவிட்டது. பத்து ஆட்டம் தோற்காத அணி இரண்டாம் இடத்தோடு வீடு திரும்பியது. நமக்கு வருத்தம்தான்.

கோப்பைக் கதை இருக்கட்டும். தாய்மார்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2019-ல் லூதியானாவில் சேது அணி கோப்பை வாங்க எத்தனை ஆட்டம் ஆடியது தெரியுமா? பிரிவில் 5, அரையிறுதி, இறுதி, மொத்தம் 7. மே 5 முதல் 22 வரை, 18 நாளில் அந்த ஆண்டின் தேசிய லீக்கே முடிந்துவிட்டது. அரையிறுதிக்கு வராத பெண்ணுக்கு ஐந்தே ஆட்டம். மிச்ச நாளெல்லாம் என்ன செய்வாள்? சும்மா இருந்தால் உடம்பு கெட்டுவிடும், தானாக ஓடிப் பழக வேண்டும், சத்தான சாப்பாடு வேண்டும். அந்தச் செலவு யார் தலையில்? பெரும்பாலும் வீட்டின் தலையில்தான். பதினெட்டு நாள் சீசனை நம்பி யாரும் வருடம் முழுக்கச் சம்பளம் தர மாட்டார்கள். நல்லா ஆடிய எத்தனையோ பிள்ளைகள் கல்யாணம் ஆனதும் பந்தை விட்டதற்கு வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பிறகு இது மாறியது. 2023 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை நடந்த சீசனில் 7 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற அணிகளோடு இரண்டு தடவை, ஒரு தடவை தன் ஊரில், ஒரு தடவை எதிரணி ஊரில். ஆக ஒரு அணிக்கு 12 ஆட்டம். ஒடிசா அணி ஜெயித்தது. அடுத்த சீசனில் 8 அணிகள், 14 ஆட்டம், 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. ஒரே தடவை காய்த்து ஓய்கிற மரத்துக்கும் நம்ம ஊர் பன்னீர் திராட்சைக் கொடிக்கும் உள்ள வித்தியாசம் இது. இன்னும் பன்னிரண்டு மாதம் ஆகிவிடவில்லை, நாலு மாதத்துக்குத்தான் வந்திருக்கிறது.

சம்பளத்துக்கும் ஒரு முடிவு எடுத்தார்கள். மேல்மட்ட லீக்கில் ஆடும் ஒவ்வொரு அணியும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2023-ல் சம்மேளனம் தீர்மானித்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 26 ஆயிரத்துச் சொச்சம். கூலி வேலைக்கு இது மேல்தான். ஆனால் பத்துப் பேருக்கு என்பதைக் கவனியுங்கள். ஒரு அணியில் இருபதுக்கு மேல் இருப்பார்கள். பதினோராவது பெண்ணுக்கு என்ன என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே மகளை ஒரு அணியோ அகாடமியோ கூப்பிட்டால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், முட்டி ஜவ்வு கிழிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, பரீட்சை நேரத்தில் விடுவார்களா, தங்குமிடத்தில் பெண் வார்டன் உண்டா. பணம் பிள்ளையின் பேங்க் கணக்கில் வரவேண்டும், இன்னொருவர் கைக்கு வரக்கூடாது. ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு எதுவும் நிற்காது.

எட்டாம் வகுப்பிலேயே இதெல்லாம் தேவைப்படாது. அப்போது தேவை மைதானமும் பந்தும்தான். பெரியகுளத்தில் எத்தனையோ வருடமாக மே மாதம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. ஊரே கூடி நடத்துகிறது. நம் மாவட்டத்துக்கு விளையாட்டு புதிதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தேர்வாகும் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசே தருகிறது. தேர்வு எப்போது, எந்த விளையாட்டுக்கு எங்கே விடுதி என்பதைத் தேனியில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பெண் பிள்ளைகள் சாயங்காலம் விளையாட மைதானம் கிடைக்கிறதா, அல்லது பையன்களே பிடித்துக்கொள்கிறார்களா, கழிப்பறை திறந்திருக்கிறதா, விளையாடி முடித்து வீடு வர பஸ் இருக்கிறதா என்று விசாரித்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பஞ்சாயத்துவாரியாகச் சேர்த்து கூட்டமைப்பு சார்பில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மனுவாகக் கொடுப்போம்.