இருமல் எங்கிருந்து வருகிறது?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. பலசரக்கு, பாத்திரம், காய்கறி எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழ் பேசும் குடும்பங்களும் அங்கே நிறைய உண்டு. அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா தட்டுக்கடை நடத்துகிறார். கணவரும் கூட இருக்கிறார். மாலை 6 மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். இரவு 12 மணி வரை வியாபாரம் நடக்கும். தோசை, ரசவடை, ஆம்லெட், கட்டன் சாயா விற்பார்கள்.

அக்காவுக்கு வயது 42. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்த்தான் எழுதப் படிக்கக் கற்றார்.

ஓணம் முடிந்த வாரம் அக்காவுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். சளி இல்லை. காய்ச்சலும் இல்லை. மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தார். மூன்று பாட்டில் தீர்ந்தது. இருமல் தீரவில்லை.

கடையில் சாயா ஆற்றும்போது இருமல் வந்தது. சாப்பிட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள். கல்லாவில் காசு குறைந்தது.

வீட்டிலும் கஷ்டம்தான். மாமியார் அக்காவின் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்.

"என் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. காசம் அவனைக் கொண்டுபோச்சு" என்றார் மாமியார்.

அக்கா பதில் பேசவில்லை. அன்று இரவு மகனைப் பார்த்து, "மக்களே, நீ பாட்டிகிட்டப் போய்ப் படு" என்றார். அவன் போன பிறகு அழுதார்.

முதலில் காசநோய்ப் பரிசோதனை

வகுப்பில் படித்த ஒரு வரி அக்காவுக்கு நினைவு வந்தது. "இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்." அக்காவோ மூன்று மாதமாக இருமுகிறார்! மறுநாள் காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நம் நாட்டில் காசநோய் இன்னும் ஒழியவில்லை. அதனால் நாள்பட்ட இருமல் என்றால் டாக்டர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். காசநோயை உண்டாக்குவது ஒரு கிருமி. 1882-ஆம் ஆண்டு ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். நோயாளி இருமும்போது அந்தக் கிருமி காற்றில் பரவுகிறது. தம்ளர், தட்டு வழியாகப் பரவுவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மாத்திரையும் இலவசம். விடாமல் சாப்பிட்டால் நோய் குணமாகும்.

அக்காவுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆழமாக இருமி வந்த கொஞ்சம் சளியையும் சோதித்தார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. சளியில் கிருமி இல்லை.

"காசம் இல்லை" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் இருமல் நிற்கவில்லையே! அது ஏன் வருகிறது?

டாக்டர் கேட்ட கேள்விகள்

இருமலுக்குக் காரணம் எப்போதும் நுரையீரலில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. மூக்கில் இருக்கலாம். தொண்டையில் இருக்கலாம். வயிற்றிலும் இருக்கலாம். காரணங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். 1981-ஆம் ஆண்டு ரிச்சர்ட் இர்வின் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இப்படித் தேடிப் பார்த்து எழுதினார்கள். இன்றும் டாக்டர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள்.

அக்காவிடம் டாக்டர் கேட்டார்.

"சேச்சி, பீடி, சிகரெட், புகையிலை உண்டா?"

"இல்லை, டாக்டர்."

"ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

"இல்லை."

இது ஏன் என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். எனலாப்ரில் போன்ற சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். நாமே நிறுத்தக் கூடாது.

"மூக்கில் நீர் ஒழுகித் தொண்டையில் இறங்குகிறதா? மூச்சு இரைக்கிறதா? நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறதா?"

"அதெல்லாம் இல்லை."

ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொன்னார்கள். ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அதிலும் குறை தெரியவில்லை.

"இருமல் எப்போது அதிகம் வருகிறது?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா யோசித்தார். "எப்பவும்தான் வருது" என்றார்.

டாக்டர் சிரித்தார். "எழுதத் தெரியுமா?"

"தமிழ் எழுதுவேன்."

"நல்லது. ஒரு வாரம் எழுதி வாருங்கள். எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது இருமல் வந்தது. இது போதும்."

அக்காவின் நோட்டு

அக்கா மகனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். அதில் இப்படி எழுதினார்:

இரவு 12.10 – தோசை 4, ரசவடை, சாயா.
12.30 – படுத்தேன்.
12.50 – இருமல். எழுந்து உட்கார்ந்தேன். குறைந்தது.
காலை 6 – வாயில் புளிப்பு. குரல் கட்டியது.
மாலை 4 – குனிந்து மாவுப் பாத்திரம் தூக்கினேன். இருமல்.

ஒரு வாரமும் ஏறக்குறைய இதே கதைதான். டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அங்கே இருந்த நர்ஸ் மார்த்தாண்டத்துக்காரர். அவர் நோட்டை வாசித்துக் காட்டினார்.

டாக்டர் கவனமாகக் கேட்டார். "சேச்சி, எப்பவும் வருகிறது என்று சொன்னீர்கள். உங்கள் நோட்டு வேறு சொல்கிறதே! சாப்பிட்டுப் படுத்தால் வருகிறது. குனிந்தால் வருகிறது. உட்கார்ந்தால் குறைகிறது. காலையில் வாய் புளிக்கிறது. இது வயிற்றிலிருந்து வரும் இருமலாக இருக்கலாம்."

வயிற்றுக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு?

நம் இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. அது புளிப்பான நீர். சோறு செரிக்க அது உதவுகிறது. வாயிலிருந்து இரைப்பைக்கு உணவுக்குழாய் போகிறது. அதன் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சோறு இறங்கும்போது அது திறக்கும். பிறகு மூடிக்கொள்ளும்.

இந்த வளையம் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். இதை எதுக்களிப்பு என்கிறோம். வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் ஏறுவது எளிது. சாய்ந்த குடத்தில் தண்ணீர் வாய்க்கு வருவது போல!

உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் அருகருகே இருக்கின்றன. அமிலம் தொண்டை வரை வந்தால் இருமல் வரும். தொண்டைக்கு வராமல் கீழே நின்றாலும், அங்குள்ள நரம்பு தூண்டப்பட்டு இருமல் வரும். சிலருக்கு நெஞ்செரிச்சலே இருக்காது. இருமல் மட்டும் இருக்கும். அதனால்தான் காரணம் தெரியாமல் பலர் அலைகிறார்கள்.

சிகிச்சையும் ஒரு சோதனைதான்

டாக்டர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். அதோடு சில மாற்றங்களும் சொன்னார்.

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும்.
ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது.
இடுப்பில் சேலையை இறுக்கிக் கட்டக் கூடாது.
கட்டிலின் தலைப்பக்கத்தை அரை அடி உயர்த்த வேண்டும். தலையணை மட்டும் அடுக்கினால் போதாது.
இடது பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது.

"இருமல் சீக்கிரம் நிற்காது. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். குறைந்தால் நாம் நினைத்த காரணம் சரி. குறையாவிட்டால் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்போம். தேவைப்பட்டால் மூக்கு வழியே மெல்லிய குழாய் வைத்து, 24 மணி நேரம் அமிலத்தை அளந்து பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அக்கா இரவு 8.30 மணிக்கே சாப்பிடத் தொடங்கினார். அந்த நேரம் கணவர் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டார். வீட்டின் பின்புறம் பழைய செங்கல் கிடந்தது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டாக வைத்தார்கள். மாமியார் அந்தத் தனித் தம்ளரை மற்றத் தம்ளர்களோடு கவிழ்த்து வைத்தார்.

இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. அக்கா நோட்டில் தொடர்ந்து எழுதினார். இரண்டாவது மாதம் பல பக்கங்களில் "இருமல் இல்லை" என்று இருந்தது. மகன் அம்மா பக்கத்தில் படுக்க வந்தான். டாக்டர் நோட்டைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தார்.

மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்காலை வந்தது. நகரத்துத் தெருவெல்லாம் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். அக்காவும் பொங்கலிட்டார். புகையில் எல்லோரும் இருமினார்கள். அக்காவும் இருமினார். வீட்டுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது.

கட்டிலுக்கு அடியில் இருந்த செங்கல்லை அக்கா எடுக்கவில்லை. பொங்காலை அடுப்புக்குப் புதிதாக மூன்று செங்கல் வாங்கியிருந்தார்.

நினைவில் வையுங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள்.
இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.
சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், விழுங்கக் கஷ்டம், கறுப்பாக மலம் போதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
அமில மாத்திரையை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

1. மாமியார் தம்ளரைத் தனியாக வைத்தது ஏன்? அது தேவையா?
2. டாக்டர் என்னென்ன காரணங்களைத் தேடினார்?
3. அக்காவின் நோட்டு எப்படி உதவியது?

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்கிறதா? அவர் சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம், இருமும் நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.