சக்கர வீடும் கடற்புயலும்

பெரியகுளத்தில் பிறந்து வளர்ந்தோர்க்குக் காற்று புதியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளினூடே ஆனி, ஆடித் திங்கள்களில் புகுந்து வரும் காற்று, கம்பம் பள்ளத்தாக்கை அலைக்கழித்துச் செல்வதை ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்னும் பழமொழி எம்மவர்க்கு வெறுஞ் சொல்லன்று; ஆண்டிபட்டிப் பக்கத்தே நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சான்று. ஆயினும், மலைநாட்டுக் காற்றை அறிந்தவன் கடற்காற்றையும் அறிந்தவனாகான். இவ்வுண்மையை யான் ஓரிரவிற் கற்றேன். கற்றதை உடன் பயிலும் நண்பர்கட்கும் பயன்படுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மண்டபத்துக் கரையில்

ஈராண்டுகட்கு முன், ஐப்பசித் திங்களில், எங்கள் குடும்பத்தார் எழுவர் இராமேசுவரத் தீவைக் காணப் புறப்பட்டோம். என் தாய்மாமன் தம் பழைய வேனின் இருக்கைகள் சிலவற்றைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில்களும், அடுப்பும், தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, அதனை ஒரு சக்கர வீடாக ஆக்கியிருந்தார். படப்பிடிப்பின்போது நடிகர்கள் தங்கும் கேரவன் வண்டிக்கு அதனை ஏழைத் தம்பி எனலாம். இத்தகைய வண்டிகளைக் கடலோரத்தில் நிறுத்தி விடுமுறை கழித்தல் மேலைநாடுகளில் நெடுநாள் வழக்கம். நம் அண்டை மாநிலமாகிய கேரளமும் 2021-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

மண்டபத்திற்கு அருகே, வடகடலை நோக்கிய மணற்கரையில், பனைகளின் நடுவே வண்டியை நிறுத்தினோம். மாலையில் வானம் கறுத்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களிடம் வந்து, “ஐயா, வாடை வலுக்கிறது, கடலின் இரைச்சலும் நன்றாயில்லை. பிள்ளை குட்டிகளோடு இங்கே இருக்க வேண்டா. வண்டியை ஊருக்குள் கொண்டுபோய்விடுங்கள்” என்றார். மாமா தயங்கினார். அத்தயக்கத்தைத் தீர்த்துவைத்தவன் யானே. “மாமா, வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பிவிட்டாற் போதும். ஆடிக் காற்றையே பார்த்த நமக்கு இதுவா பெரிது?” என்றேன். முதியவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமற் சென்றார்.

இரவு பத்து மணிக்கு மழை அறைந்தது. வடக்கிலிருந்து வீசிய காற்று மெல்ல மெல்லக் கிழக்கே திரும்பி வண்டியின் விலாவில் மோதிற்று. தொட்டில்போல் வண்டி ஆடியது. மாமாவின் இளைய மகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கதவைத் திறந்து பார்த்தபோது அலைநீர் சக்கரத்தைத் தொட்டிருந்தது. வண்டியை எடுக்க முயன்றோம். ஈரமணலிற் சக்கரங்கள் சுழன்றனவேயன்றி நகரவில்லை. அவ்வேளையில், மாலையில் எச்சரித்த அம்முதியவரே இளைஞர் நால்வரோடு கயிறும் பலகையும் கொண்டுவந்து வண்டியை மீட்டுத் தந்தார். ஊர்ப் பள்ளியின் தாழ்வாரத்தில் விடியும்வரை இருந்தோம். காலையிற் சென்று பார்க்குங்கால், வண்டி நின்ற இடத்தில் இடுப்பளவு ஆழத்திற்குக் கடல் வாய்க்கால் வெட்டியிருந்தது. என்னை எவரும் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

2. காற்றின் கணக்கு

யான் செய்த பிழை யாது? முதலாவது, காற்றின் வலிமையை அதன் வேகத்தாற் மட்டும் அளந்தது. வேகம் இருமடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் நூலார் கண்ட விதி. ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள வண்டியின் பக்கத்தில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஏறக்குறைய 170 கிலோகிராம் எடையளவு அழுத்தந் தரும். அதுவே 120 கிலோமீட்டராயின் அழுத்தம் 680 கிலோகிராம் ஆகும். அன்றியும், உட்பொருள்கள் கழற்றப்பட்ட வண்டி எடை குறைந்தது, உயரம் மிகுந்தது. ஆதலின் முகத்தில் மோதும் காற்றைத் தாங்கும் வண்டி, விலாவில் மோதும் காற்றிற்குக் கவிழ்ந்துவிடக் கூடும். இந்திய வானிலைத் துறையார் 62 கிலோமீட்டர் வேகத்திலிருந்தே புயல் எனப் பெயரிடுகின்றனர். வேகம் 118 கிலோமீட்டரை எட்டினால் அது மிகத் தீவிரப் புயலாகும்.

3. நாற்காற்றும் ஒரு சுழலும்

இரண்டாவது பிழை இன்னும் பெரிது. காற்று ஒரு திசையினின்றே வீசும் என யான் எண்ணினேன். எம் பள்ளத்தாக்கின் காற்று மலைவாயிலின் வழியே ஒருமுகமாய் வருவது. புயற்காற்றோ சுழல்வது. நம் முன்னோர் வடக்கினின்று வருவதை வாடை எனவும், தெற்கினின்று வருவதைத் தென்றல் எனவும், கிழக்கினின்று வருவதைக் கொண்டல் எனவும், மேற்கினின்று வருவதைக் கோடை எனவும் வழங்கினர். இந்நான்கும் நான்கு பருவங்கட்கு உரியவை என்றே இலக்கிய மாணாக்கர் கருதுவோம். ஆனால் வங்கக் கடற்புயல் ஒன்றில் இந்நான்கும் ஒருங்கே உள்ளன.

நிலவுருண்டையின் வடபாதியிற் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். ஆதலின் மேற்கு நோக்கி வரும் புயலின் முன்னே வாடையும், பின்னே தென்றலும், வடபுறத்தே கொண்டலும், தென்புறத்தே கோடையும் வீசும். வடபுறத்துக் கொண்டலே நம் கீழைக்கரையின்மீது கடல்நீரை ஏற்றுவது. புயலின் நடுக்கண் தலைக்குமேற் செல்லுமாயின் வாடை அடங்கி, ஓர் அமைதி தோன்றும். புயல் ஒழிந்தது என மயங்கி வெளிவந்தோரை எதிர்த்திசையினின்று தென்றல் தாக்கும். புலவர் போற்றிய மெல்லிய தென்றல் மரங்களை வேரோடு சாய்ப்பது அப்பொழுதுதான். இதனை அறிந்திருந்தால், வண்டியின் முகத்தை ஒரு திசைக்குத் திருப்பி வைத்தல் எத்துணைப் பேதைமை என்பது எனக்கு அன்றே விளங்கியிருக்கும்.

கடற்கரைக்கு நெடுந்தொலைவில் உள்ளோம் என நாம் வாளாவிருத்தலும் ஆகாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜாப் புயல், உள்நாட்டைக் கடந்து வந்து, எம்மூர்க்கு மேலுள்ள கொடைக்கானல் மலையிலும் மரங்களை வீழ்த்திச் சென்றது.

4. தனுஷ்கோடி தந்த பாடம்

நிற்க. சக்கரங்களின்மேல் இருந்தவர்களைக் கடற்புயல் கொண்டுசென்ற துயர வரலாறு ஒன்று மண்டபத்திற்கு அருகிலேயே உண்டு. 1964 திசம்பர் 17-ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வு, 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைப் புயலாய்க் கடந்தது. அன்றிரவு நள்ளிரவிற்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் எண் பயணி வண்டி புறப்பட்டது. ஊரை நெருங்குகையிற் கைகாட்டி இயங்கவில்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருந்து, பின்பு நெடிய ஊதலொலி எழுப்பி இருளிற் முன்சென்றார் என்பர். பேரலை வண்டியை மூடிற்று. அதிலிருந்த 115 பேரும் மாண்டனர் எனப் பதிவுகள் கூறுகின்றன. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. மக்கள் வாழத் தகாத இடமென அரசு அதனை அறிவித்தது. 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் பாலமும் சிதைந்து, பொறியாளர் ஸ்ரீதரனின் மேற்பார்வையில் 46 நாட்களிற் செப்பனிடப்பட்டது.

அவ்வோட்டுநரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அவர்க்கு முன்னே ஒரே தண்டவாளம், இருபுறமும் கடல், செய்தி சொல்லுவாரும் இல்லை. சக்கரம் இருந்தும் விலகிச் செல்ல வழியில்லாதது அவ்வண்டி. எங்கள் வேனுக்கோ ஊருக்குள் செல்லும் பாதை மாலைமுழுதும் திறந்திருந்தது. செய்தி சொல்ல ஒரு முதியவரும் வந்திருந்தார். வழியில்லாதவர் மாண்டது ஊழ் எனலாம். வழியிருந்தும் அமர்ந்திருப்பது எதன்பாற்படும்?

5. செய்யத்தக்கன

ஆதலின், வண்டியோடு கடற்கரைக்குச் செல்வோர் கருத வேண்டுவன சில உள. பாம்பன், நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படும். எண் உயர உயர இடர் மிகும். செல்லுமுன்னும், தங்கும்போதும் இதனைக் கேட்டறிதல் வேண்டும். அன்று நாங்கள் கேட்டறியவில்லை. அலை ஏறிய பழைய தடத்திற்கும் மேலே, கெட்டியான தரையில், சாலையை நோக்கி வண்டியை நிறுத்துக. மரத்தடியும் மின்கம்பத்தடியும் ஆகா. மேற்கட்டி, பாய், அடுப்பு முதலியவற்றைப் பகலிலேயே உள்ளே எடுத்து வைக்க. ஐயம் தோன்றிய அப்பொழுதே, ஒளி இருக்கும்போதே, புறப்படுக. புறப்பட இயலாதாயின், வண்டியை விட்டிறங்கிப் புயற் காப்பகம், பள்ளி போன்ற உறுதியான கட்டடத்தை அடைக. வண்டி பொருள், அதனுள் இருப்பவர் உயிர். அனைத்தினும் மேலாக, அக்கரையிற் பிறந்தோர் சொல்லைக் கேட்க.

கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தினான் என வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றிற் பாடுகின்றார். காற்றை ஆண்ட அவன் அதனை எதிர்த்து நின்று ஆளவில்லை. அதன் போக்கை அறிந்தே ஆண்டான். மணலின்மேல் வீடு கட்டியவனின் உவமையைச் சிறுவயது முதல் ஞாயிறுதோறும் கேட்டிருக்கின்றேன். அப்பேதையின் வீட்டிற்குச் சக்கரம் இல்லை. எங்கள் வீட்டிற்கு இருந்தது. பாறையிருக்கும் இடத்திற்கு மாலையிலேயே உருண்டு செல்வதே சக்கரத்தின் பயன் என்பதை, அம்முதியவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.