இரு நாட்டுத் தொடர்பும் வரிக் கடமையும்

பாலிங் வட்டாரத்தில் கடை வைத்தும் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தும் வேரூன்றிய நம் குடும்பங்களிற் பல, தாயகத்துப் பூர்வீக வீட்டின் உரிமையை இன்றும் விடவில்லை. அவ்வுரிமையோடு வரிக் கடமையும் சேர்ந்தே வருகிறது. அதை அறியாமையால் மனக்கசப்பு விளைந்ததை நாம் கண்டோம்.

நம் அன்பர் ஒருவர் மலேசியப் பிரஜை. நாகூரில் தாய்வழி வந்த வீட்டை மாதம் 10,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரு மாதம் 6,880 ரூபாயே வந்தது. குடியிருப்பவர் மோசம் செய்துவிட்டார் என்று அன்பர் கொதித்தார், பேச்சும் நின்றது. "நம்மிடம் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே! நாமும் அந்நாட்டுக் குடிமகன்தானே?" என்பது அவர் வாதம். இதனை ஆராய்வோம்.

முதலாவது, குடியுரிமை. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறநாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர் என்கிறது இந்திய அரசியல் சாசனத்தின் 9ஆம் விதி. அவ்வாறு பெறுபவரின் குடியுரிமையைப் பறிக்க, மலேசிய அரசியல் சாசனத்தின் 24ஆம் விதி அரசாங்கத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 2005ல் வந்த ஓ.சி.ஐ. அட்டை, பெயரில் மட்டுமே குடியுரிமை. அதை வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை. விவசாய நிலம் வாங்கவும் இயலாது.

இரண்டாவது, வரியின் அடிப்படை. அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கு வாழ்ந்தாலும் வருமானக் கணக்குக் கேட்கிறது. நம் இரு நாடுகளோ, எங்கு வசிக்கிறோம், வருமானம் எங்கே பிறக்கிறது என்பவற்றையே பார்க்கின்றன. மலேசியாவில் ஓராண்டில் 182 நாட்கள் தங்கியவர் வரிச் சட்டப்படி வசிப்பவர் ஆவார். 2012ல் கையெழுத்தான இந்திய-மலேசிய இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி, வீட்டு வருமானத்துக்கு அவ்வீடு இருக்கும் நாடு வரி விதிக்கலாம். ஆகவே நாகூர் வாடகை இந்திய வரிக்கு உட்பட்டதே.

மூன்றாவது, பிடித்தம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவராயின், வாடகை கொடுப்பவர் 30 விழுக்காடு வரியும், அவ்வரியின் மேல் 4 விழுக்காடு தீர்வையும் பிடித்து அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டும். 10,000 ரூபாய்க்கு அது 3,120 ரூபாய். குடியிருப்பவர் செய்தது மோசமன்று, சட்டப்படியான கடமை.

அப்பணம் போய்விட்டதா? இல்லை. ஆண்டு வாடகை 1,20,000 ரூபாய். வீட்டு வரி 4,000 போக மீதி 1,16,000. அதில் 30 விழுக்காடு கழிவு 34,800. எஞ்சுவது 81,200 ரூபாய். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு முதல், புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. வேறு இந்திய வருமானம் இல்லாத நம் அன்பர், பான் எண் பெற்றுக் கணக்குத் தாக்கல் செய்தால், பிடித்த 37,440 ரூபாயும் திரும்பும். தாக்கல் செய்யாவிட்டால் கிட்டாது.

நான்காவது, மலேசியக் கணக்கு. சம்பளக்காரர் ஏப்ரல் 30க்குள்ளும், வியாபாரி ஜூன் 30க்குள்ளும் தாக்கல் செய்தல் வேண்டும். ரசீதுகளை 7 ஆண்டுகள் காத்தல் வேண்டும். வாடகையை இங்கே கொண்டுவந்தால், இந்தியாவில் கணக்குக் கொடுத்ததற்கான தாள்களையும் அவற்றோடு வைத்துக்கொள்க.

ஐந்தாவது, ஜகாத். கெடா மாநில ஜகாத் வாரியத்திடம் செலுத்தி ரசீது பெற்றால், அத்தொகை மலேசிய வருமான வரியிலிருந்தே கழிக்கப்படும். வரியை மிஞ்சிய பகுதி மட்டும் திரும்பாது. ஊரில் உறவினருக்கு நேரே கொடுத்ததற்கு இக்கழிவு இல்லை. இதையறியாது நம்மவர் பலர் கழிவைத் தவறவிடுகின்றனர்.

நம் அன்பர் கணக்கைப் பார்த்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நாகூருக்குத் தொலைபேசியில் அழைத்து, முதலில் மன்னிப்பும், அதன்பின் பிடித்தச் சான்றிதழும் கேட்டார். பிறர்மேல் குற்றம் சுமத்துமுன் சட்டத்தை விசாரித்தறிதல் நம் அனைவருக்கும் கடமையாகும்.