மேங்கோ தெருவில் ஒரு வீடு

கேள்வி: ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’ நாவலில் வீட்டுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

பதில்: சான்ட்ரா சிஸ்னெரோஸ் எழுதி 1984இல் வெளிவந்த இந்நாவலின் நாயகி எஸ்பெரான்சா, சிகாகோவில் வளரும் மெக்சிக வம்சாவளிச் சிறுமி. முன்பிருந்த வாடகை வீட்டைப் பார்த்து, அங்கேயா குடியிருக்கிறாய் என்று கன்னியாஸ்திரி ஒருவர் கேட்டதில் அவள் குறுகிப்போகிறாள். மேங்கோ தெருவில் வாங்கிய சொந்த வீடும் அந்தக் கூச்சத்தைப் போக்கவில்லை.

ஆனால் நாவலின் உண்மையான கனம் அத்தெருப் பெண்களிடம்தான் இருக்கிறது. ரஃபேலாவைக் கணவன் உள்ளே வைத்துப் பூட்டுகிறான். தந்தையிடம் அடிபட்ட சாலி, பள்ளி வயதிலேயே மணமாகி இன்னொரு சிறைக்குள் போகிறாள். ஜன்னலோரமே வாழ்நாளைக் கழித்த கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சுமக்கும் எஸ்பெரான்சா, அந்த ஜன்னலை மட்டும் மறுக்கிறாள். அவள் விரும்புவது தகப்பனுடையதும் கணவனுடையதும் அல்லாத, எழுதுவதற்கான வீடு. வெளியேற முடியாதவர்களுக்காகத் திரும்பி வரும் உறுதியோடுதான் அவள் வெளியேற நினைக்கிறாள்.