டப்பாவில் எழுதியிருக்கும் ஆல்கஹால்

அன்புள்ள பாம்பன் சகோதரிக்கு,

கடல்பாசி எடுத்து வெடித்துப்போன கைகளுக்கென்று வாங்கிய கிரீமை, டப்பாவில் ‘செட்டைல் ஆல்கஹால்’ என்று போட்டிருந்ததால் தொடாமலே வைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சாராயத்தைத் தடவினால் தோல் இன்னும் காயாதா என்பது உங்கள் கேள்வி. பயப்படாமல் தடவுங்கள்.

ஆல்கஹால் என்பது வேதியியலில் ஒரு குடும்பப் பெயர். ஊசி போடுமுன் நர்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகும். தோலின் எண்ணெய்ப்பசையையும் கரைத்துக்கொண்டு போகும். செட்டைல் ஆல்கஹால் அதே குடும்பம், ஆனால் குணம் வேறு. பதினாறு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த கொழுப்பு ஆல்கஹால் அது. பார்க்க வெள்ளை மெழுகுச் சீவல். ஏறக்குறைய 49 டிகிரி செல்சியஸில்தான் உருகும். நம் சித்திரை வெயிலிலும் நிழலில் வைத்தால் கட்டியாகவே கிடக்கும். போதை கிடையாது. கிரீமில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும். தடவியபின் தோலின் ஈரம் பறக்காமல் காக்கும்.

இது பிறந்த இடமும் கடல்தான். 1817இல் பிரான்சின் வேதியியலாளர் செவ்ரோல், எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகைக் காரத்தோடு காய்ச்சி இதைப் பிரித்தெடுத்தார். ‘செட்டைல்’ என்ற பெயரே திமிங்கிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் பாமாயில் போன்ற எண்ணெய்களிலிருந்து செய்கிறார்கள். திமிங்கிலத்தைக் கொல்ல வேண்டியதில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

இதன் இன்னொரு வேலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும். நீண்ட வால் தண்ணீருக்கு ஆகாது. நீர்ப்பரப்பில் தூவினால், நெருக்கி நட்ட நாற்றுப் போல முனையை நீரில் ஊன்றி, வாலை மேலே நீட்டிப் பக்கம் பக்கமாக நின்றுவிடும். ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள அந்தப் படலம் நீர் ஆவியாவதைக் குறைக்கும். 1950களில் ஆஸ்திரேலியாவில் மான்ஸ்ஃபீல்டு என்ற விஞ்ஞானி இதை நீர்த்தேக்கங்களில் பரப்பிப் பார்த்தார். கண்மாயை நம்பி வாழும் நம் மாவட்டத்துக்கு இதைவிட ஆசை காட்டும் செய்தி வேறென்ன? ஆனால் காற்றடித்தால் படலம் கிழிந்து கரையில் ஒதுங்கிவிடும். திரும்பத் திரும்பத் தூவவேண்டும். 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகளையும் காற்றுதான் கரைக்குத் தள்ளியது. அந்த வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலும் காற்றுக்குக் குறைவில்லை. ஆகவே கண்மாயைத் தூர்வாருவதையே நான் நம்புகிறேன்.

உங்கள் கைக்குக் காற்றுத் தொந்தரவு இல்லை. கரைக்கு வந்ததும் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈரம் முழுக்க உலருமுன் தடவுங்கள். இது கிருமியைக் கொல்லும் மருந்தல்ல. பாறை கிழித்த இடத்தில் சீழ் வைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிலருக்கு மட்டும் இது ஒவ்வாது. முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வராவிட்டால், உங்களோடு பாசி எடுக்கத் தீவுக்கு வரும் மற்றப் பெண்களுக்கும் அந்த டப்பாவைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தவன்