நகையும் இளிவரலும்: எள்ளலின் எல்லை குறித்துச் சில எண்ணங்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்குங்கால் நகையை முதலாவதாக வைத்தார். அதனை அடுத்து அழுகையும், அழுகையை அடுத்து இளிவரலும் நிற்கின்றன. இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர்கள் காரணங்கள் கூறுவர். அவற்றுள் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், சிரிப்புக்கும் இழிவுணர்ச்சிக்கும் இடையே ஓர் அழுகை மட்டுமே நிற்பது, நம் காலத்து வினா ஒன்றனை எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றது.

"விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்கின்றார் ஒருவர். "என்னைப் புண்படுத்திவிட்டாய்" என்கின்றார் மற்றவர். இருவரும் உண்மையே பேசுதல் கூடும். மேடைப் பேச்சிலும், திரைப்படத்திலும், கேலிச் சித்திரத்திலும், இன்று கைபேசியில் ஓயாது வந்து விழும் துணுக்குகளிலும் இவ்வழக்கு எழுந்துகொண்டே இருக்கின்றது. சொன்னவரின் நோக்கத்தைக் கொண்டு தீர்ப்பதா, கேட்டவரின் புண்ணைக் கொண்டு தீர்ப்பதா என்று தடுமாறுகின்றோம். நம் இலக்கண நூலார் இவ்விரண்டினும் நுட்பமானதோர் அளவுகோலைத் தந்துள்ளனர் என்பது என் துணிபு.

நகையின் களன்களும் இளிவரலின் களன்களும்

நகை பிறக்கும் களன்கள் நான்கு என்பர். அவற்றுள் எள்ளல் ஒன்று. ஏனைய மூன்றும் இளமை, பேதைமை, மடன் என்பன. பின்னைய மூன்றிலும் தீங்கு பெரும்பாலும் இல்லை. மழலையின் பேச்சைக் கேட்டுத் தாய் சிரிப்பதில் யாருக்கு என்ன குறை? 1989-இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' திரைப்படத்தின் வாழைப்பழக் காட்சியைத் தமிழுலகம் இன்னும் மறக்கவில்லை. வாங்கிய இரண்டு பழங்களுள் ஒன்றைத் தின்றுவிட்டு, எஞ்சிய ஒன்றே மற்றைய பழம் என்று செந்தில் சாதிப்பதும், அது கேட்டுக் கவுண்டமணி கொதிப்பதும் மடனும் பேதைமையும் கலந்து பிறந்த நகை. அங்கே யாருடைய உடலும் குலமும் இழிக்கப்படவில்லை. அதே இருவர் நடித்த வேறு பல காட்சிகளில் தலையின் வடிவும் தோலின் நிறமும் வசைப்பொருளாயின. அவற்றுக்கும் அரங்கம் அதிரச் சிரித்தோம். இரண்டும் ஒரே சிரிப்புத்தானா?

இவ்வினாவுக்கு விடை காண இளிவரலின் களன்களை நோக்குதல் வேண்டும். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினையும் தொல்காப்பியர் இளிவரலுக்கு உரியனவாகக் கொண்டார். மென்மை என்பதற்கு நல்குரவு எனப் பொருள் காண்பர். முதுமை, நோய், துயரம், வறுமை ஆகிய இவற்றுள் ஒன்றனையும் அவர் நகையின் களனாகக் கூறாமை ஈண்டு நோக்கத்தக்கது. இவை கண்டு உள்ளம் குன்றும். சிரிப்பு எழாது என்பதே அவர் கண்ட மனித இயல்பு. நம் காலத்து நகைச்சுவையோ, இந்நான்கினையும் இளிவரலின் பட்டியலிலிருந்து பெயர்த்து நகையின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல்லிழந்த பாட்டி, திக்கிப் பேசுபவர், கண் மங்கியவர், பருத்த உடலினர், கிழிந்த சட்டைக்காரர், திருநங்கையர் என நகைச்சுவைப் பாத்திரங்களின் வரிசையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். எல்லை மீறல் என்று நான் கருதுவது இந்தக் களமாற்றத்தையே.

இதனை விளக்க நபிமொழித் தொகுப்பில் காணப்படும் நிகழ்ச்சி ஒன்று துணை செய்யும். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மெலிந்த கால்களை உடையவர். பல் துலக்கும் குச்சி ஒடிப்பதற்காக அவர் மரம் ஏறியபோது காற்றில் ஆடை விலகியது. மெலிந்த கால்களைக் கண்ட தோழர்கள் சிரித்தனர். எதற்காகச் சிரிக்கின்றீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) வினவினார்கள். கால்களின் மெலிவைக் கண்டு என்றனர். அக்கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையினும் எடை மிக்கவை என்றார்கள் பெருமானார். சிரித்தவர் பகைவரல்லர், உடனிருந்த அன்பர்களே. அவர்களிடம் தீய நோக்கம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆயினும் திருத்தம் உடனே வந்தது.

இதனால் நபிகளார் நகையை விலக்கினார்கள் என்று கொள்ளலாகாது. ஏறிச் செல்ல ஊர்தி கேட்ட ஒருவருக்கு ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகக் கூறி, குட்டியை வைத்து என்ன செய்வேன் என்று அவர் மயங்கியபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கியதாக வரும் செய்தி புகழ் பெற்றது. கேட்டவரும் சிரித்திருப்பார், கேட்டது கிடைக்கவும் பெற்றார்.

எள்ளலின் இரு முகங்கள்

எஞ்சிய எள்ளலே இடர் மிக்கது. இதற்குப் பேராசிரியர் காணும் உரை மிகக் கூரியது. நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது மற்றொன்று என அவர் இரண்டாக வகுத்தார். எள்ளப்பட்டவனும் சிரிக்க இயலுமாயின் அது நகை. அவன் சிரிக்க இயலாது நிற்க, சூழ இருந்தோர் மட்டும் சிரித்தால் அவனளவில் நிகழ்வது இளிவரலே. விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி கேட்பவனுக்குத் துன்பமே என்னும் கருத்தை வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் (குறள் 995) வைத்திருப்பதும் இதனோடு இயைகின்றது.

கல்லூரி வாழ்வில் இதற்குக் கொடிய சான்று உண்டு. 'ராகிங்' என்பதனை ஈழத்தமிழர் 'பகிடிவதை' என வழங்குவர். பகிடியும் வதையும் ஒரே சொல்லுக்குள் அடுத்தடுத்து நிற்பதால், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகின்றது என்பது அச்சொல்லிலேயே தெரிகின்றது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இவ்வதையின் பெயரால் கொல்லப்பட்டார். அதன் பின்னரே 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையிலும் 1998-இல் சட்டம் வந்தது. புதிதாக வந்த மாணவனும் சில வேளைகளில் சிரிக்கின்றானே என்பர் மூத்த மாணாக்கர். அது அச்சத்தின் சிரிப்பு. பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றைச் சிலர் விளையாட்டாக எடுத்துவிட, அவர் திடுக்கிட்டு எழுந்தபோது, ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதன்று என நபிகளார் கூறியதை அபூதாவூத் தொகுப்பில் காணலாம். கயிறு திருப்பித் தரப்படும் என்பது எடுத்தவர்க்குத் தெரியும், விழித்தவர்க்குத் தெரியாது.

வலியோரை எள்ளுதல்

அப்படியாயின் எவரையுமே எள்ளலாகாதா? செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுத்து அதற்கு இலக்கியத் தகுதி வழங்கியுள்ளது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது (புறநானூறு 95) பழிகரப்புக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. நெய் பூசி மாலை சூட்டிய இவன் வேல்கள் அழகாக இருக்கின்றன. என் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது பாட்டின் கருத்து. புகழ்வதுபோல் போர்ப் பழக்கமின்மையைக் குத்திக் காட்டினார். எள்ளியவர் ஒரு பாவலர், எள்ளப்பட்டவன் மன்னன். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949) திரைப்படத்தில் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபமும் இத்தகையதே. ஒடுக்கப்பட்ட சிறுவனைக் கண்டு அவர் நம்மைச் சிரிக்க வைக்கவில்லை. அவனுக்குக் கல்வி மறுத்த சமூகத்தைக் கண்டு சிரிக்க வைத்தார்.

வலியோர் புண்பட்டதாகக் கூறும்போது நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்து ஒரு சிரிப்புத் துணுக்கு வந்தது. அதற்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பதவியில் இருப்போரை எள்ளுவதை மூப்பையும் பிணியையும் எள்ளுவதோடு ஒன்றாக எண்ணிய பிழை அது. அமைச்சர் மறுநாள் அறிக்கை விட முடியும். பல்லிழந்த பாட்டியால் முடியாது.

நம்மைப் பற்றிய நகை

இனி, இக்கல்லூரிச் சூழலில் சொல்லாமல் விடலாகாத ஒன்று. தமிழ் நாடகத்திலும் திரைப்படத்திலும் 'பாய்' என்றொரு பாத்திரம் நெடுங்காலமாக உலவி வருகின்றது. அவர் 'நம்பள்', 'நிம்பள்' என்று உடைந்த தமிழ் பேசுவார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பெற்ற சமுதாயம், வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழே பேசும் இராவுத்தரும் மரைக்காயரும் இலெப்பையும் அடங்கிய சமுதாயம், அந்தப் பாத்திரத்தில் தன் முகத்தைக் காண இயலவில்லை. உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் நம்மிடையே உண்டு. அவர்தம் ஒலிப்பும் இழிவுக்குரியதன்று. ஆயின் நம் வகுப்பறையில் நாஞ்சில் நாட்டு மாணவன் எழுந்து பேசும்போது எழும் சிரிப்பும் இவ்வகையினதே. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டா, பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டா என்னும் அருள்மறையின் கட்டளை (49:11) நம்மை நோக்கியே முதலில் இறங்கியது.

மார்க்கமும் பெருமானாரும் இகழப்படும்போது புண் ஆழமானது. 2005-இல் டென்மார்க்கு நாளிதழ் ஒன்று வெளியிட்ட பன்னிரண்டு சித்திரங்கள் உலகெங்கும் முஸ்லிம்களை வருத்தின. அவை ஐரோப்பாவில் பிழைக்க வந்த எளிய மக்களையே பெரிதும் குத்தின என்பது என் கருத்து. ஆனால் 2015 சனவரி 7-இல் பாரிசு நகரில் 'சார்லி எப்தோ' இதழலுவலகத்தில் நடந்த தாக்குதலில் பன்னிருவர் கொல்லப்பட்டமை எந்தச் சித்திரத்துக்கும் விடையாகாது. மாண்ட காவலர்களுள் ஒருவர் முஸ்லிம். இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் அவையில், பேச்சு வேறு பொருளுக்கு மாறும்வரை அமர்ந்திராதீர்கள் என்றே திருமறை (4:140) கூறுகின்றது. எழுந்து செல்வதே அங்கே சொல்லப்பட்ட வழி.

மக்கத்துக் குறைஷியர் 'புகழப்பட்டவர்' எனப் பொருள்படும் முஹம்மத் என்னும் திருப்பெயரைத் திரித்து, 'இகழப்பட்டவர்' எனப் பொருள்படும் 'முதம்மம்' என அழைத்து வைதனர். அவர்கள் ஏசுவது முதம்மம் என்பவரை, நானோ முஹம்மத், அவர்களின் ஏச்சை இறைவன் என்னைவிட்டு எவ்வாறு திருப்பிவிட்டான் பாருங்கள் என்று நபிகளார் தோழர்களிடம் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. எள்ளப்பட்ட இடத்தில் எள்ளப்பட்டவர் நகுதல் என்று பேராசிரியர் வகுத்ததற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. மதீனாவில் எதிரிகளின் வசைப்பாட்டுக்கு விடையிறுக்க ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) என்னும் கவிஞர் இருந்தார். அவர் நின்று பாடுவதற்குப் பள்ளிவாசலுக்குள்ளேயே பெருமானார் ஒரு மேடை இடச் செய்தார்கள்.