சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு டிரெடில்

மம்சாபுரத்தில் சின்னதாக ஒரு லெட்டர்பிரஸ் போட நினைப்பவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது சிவகாசியை. பத்தாயிரம் நோட்டீஸ், பலவண்ணக் காலண்டர் என்று எதுவானாலும் அங்கே ஆஃப்செட்டில் அடிக்கிற விலைக்கு உங்களால் அடிக்க முடியாது. அதில் போய் மோதாதீர்கள். பெரிய மிஷினில் ஏற்றினால் கட்டுப்படியாகாத வேலைதான் உங்களுக்குச் சோறு போடும்: பில் புக்குக்கு நம்பர் அடிப்பது, கிழிப்பதற்குப் புள்ளிக்கோடு, பெட்டி அட்டைக்கு மடிப்புக்கோடு, நூறு இருநூறு என்று வரும் சில்லறை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையிலிருந்து ஊர்க்கோயில் வரி ரசீது வரை பில் புக் இல்லாமல் நடக்காது.

10×15 அங்குல டிரெடில் அச்சு மிஷின் ஒன்று போதும். பழையதாகத்தான் கிடைக்கும். புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது இடறுகிறதா, தட்டு மூடும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் பேரமே பேசாதீர்கள். ரோலர் ரப்பராக இருக்கட்டும். சரேசும் கிளிசரினும் சேர்த்து வார்த்த பழைய ரோலர் சித்திரை வெயிலில் இளகிவிடும்.

ஈய எழுத்தை, மூடிய அச்சகங்களிலிருந்து எடைக்குப் போவதற்கு முன் மடக்க வேண்டும். 12, 18, 24 பாயிண்டில் ஒவ்வொரு செட் இருந்தால் சமாளிக்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வார்த்தவை என்றால் லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் கலந்து கிடக்கும். அவற்றைத் தனிப்பெட்டியில் வையுங்கள், பழைய மோஸ்தரில் பத்திரிகை கேட்பவருக்கு உதவும். லோகோ, படம் எல்லாம் பாலிமர் பிளேட்டாகச் செய்து வாங்கி, எழுத்தின் உயரமான 0.918 அங்குலம் வரும்படி அடிக்கட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். ஈயம் தொட்ட கையோடு டீயும் வடையும் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான்.

ஸ்டிக்கில் ஒரு வரி கோத்ததும் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். வரி தானாக நிற்க வேண்டும். விழுந்தால் மெல்லிய ஸ்பேஸ் ஒன்று சேருங்கள். தட்டித் திணிக்கும்படி இருந்தால் அது அதிக இறுக்கம். பக்கத்து வரிகள் பூட்டில் பிடிக்காமல் நழுவும். சேஸ் என்னும் இரும்புச் சட்டத்தில் வைத்துச் சுற்றிலும் கட்டைகளை அடுக்கி, காயின் என்னும் பூட்டை முதலில் கையளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிளேனர் கட்டையால் தட்டிச் சமமாக்கிய பிறகு முழுக்கப் பூட்டுங்கள். பூட்டியதும் சேஸின் ஒரு முனையை ஒரு லெட் (வரிகளுக்கு இடையே வைக்கும் தகடு) கனத்துக்குத் தூக்கி வைத்து எழுத்துகளை விரலால் அழுத்துங்கள். ஒன்றுகூட இறங்கக் கூடாது.

முதல் புரூஃபில் எழுத்துப்பிழை பார்த்ததும் தாளைத் திருப்பி முதுகைப் பாருங்கள். அடி குறைந்த இடத்துக்கு நேராகத் தட்டின் உறைக்குள் டிஷ்யூ துண்டு ஒட்ட வேண்டும். முதுகில் தடம் தெரியாமல் அடிப்பதுதான் பழைய ஆட்களின் கௌரவம். இப்போது அழைப்பிதழ் அடிக்க வருபவர்கள் பள்ளம் விழ வேண்டும் என்கிறார்கள். அதற்குத் தடித்த பருத்தித் தாளும் பாலிமர் பிளேட்டும் வேண்டும். அந்த ஆசைக்கு ஈய எழுத்தைப் பலி கொடுக்காதீர்கள், முகம் மழுங்கிவிடும்.

நம்பரிங்தான் காசு வரும் இடம், மானம் போகும் இடமும் அதுதான். ஜிஎஸ்டி பில்லின் எண் வரிசை மாறாமல் வர வேண்டும். ஒரு எண் தாவினால் ஆடிட்டர் கடைக்காரரைக் கேட்பார், கடைக்காரர் உங்களைக் கேட்பார். அடித்த தாளை முகம் மேலாக அடுக்குவதால் முதலில் அடித்தது அடியில் போய்விடும். ஆகவே பெரிய எண்ணில் தொடங்கி இறங்கிவரும் நம்பரிங் பாக்ஸாக வாங்குங்கள், ஒன்றாம் எண் தானாக மேலே வரும். தாள் வைக்கத் தவறினால் உடனே கைப்பிடியைத் தள்ளி அந்த அடியை விலக்குங்கள். இல்லாவிட்டால் வெறும் தட்டு பட்டே எண் மாறிவிடும். கெட்டுப்போன தாளின் எண்ணைக் குறித்து வைத்து, கடைசியில் கையால் எண்ணைத் திருப்பி அடித்துச் செருகுங்கள். வேலை முடிந்த அன்றே பாக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி மெல்லிய எண்ணெய் விடாவிட்டால், மை காய்ந்து சக்கரம் சிக்கும். புள்ளிக்கோட்டை நம்பரோடு சேர்த்து அடித்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அந்தத் தகடு ரோலரைக் கீறிவிடும். ரோலரைக் கழற்றிவிட்டு, மையில்லாமல் தனியாக ஓட்டுங்கள்.

எந்த வேலையானாலும் கோணலாகப் போன தாளை மூடும் தட்டுக்குள் எட்டிச் சரிசெய்யாதீர்கள். தாள் போனால் போகட்டும்.

விலை சொல்லும்போது பாரம் (பூட்டிய சேஸ்) ஏற்றும் கூலியைத் தனியாகச் சொல்லுங்கள். நூறு தாளுக்கும் ஆயிரம் தாளுக்கும் கோத்துப் பூட்டுகிற நேரம் ஒன்றுதான். தாள் காசையாவது முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

தேர்தல் நேரத்தில் துண்டுப் பிரசுரமும் போஸ்டரும் தேடி வரும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127-ஏ படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதன் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு பிரதிகளாக வாங்க வேண்டும். அச்சிட்ட பின் அதில் ஒன்றையும் அச்சிட்டதன் பிரதி ஒன்றையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கட்சிக்காரர் ராத்திரிக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்துவார். உறுதிமொழி கைக்கு வரும்வரை பாரத்தை மிஷினில் ஏற்றாதீர்கள்.